விஷம் வராத நாள்

"இன்னைக்கும் விஷம் வரலையே அக்கா, பசி தாங்கல."

மருந்துத் தொழிற்சாலையின் கழிவு வாய்க்கால் ஓரமாக ஊர்ந்த மண்புழு நின்றது. பேசியவை ஈரமண்ணில் இருந்த இரண்டு பாக்டீரியாக்கள்.

"விஷம்னா இந்த வாய்க்கால்ல வர்ற மருந்தா? அதுதானே உங்க கூட்டத்தையே கொன்னுது?" என்றது மண்புழு.

"ஆமா. ஒவ்வொருத்தரும் அதைக் கடிக்கப் பாதி கத்துக்கிட்டுத்தான் செத்தாங்க. அவங்க கத்துக்கிட்டது ஒட்டியிருந்த உடம்புத் துணுக்குகளைப் பொறுக்கி முழுங்கினோம். மீதி வித்தை தானா வந்துடுச்சு; இப்ப அந்த மருந்துதான் எங்க சோறு," என்றது மூத்தது.

மண்புழுவின் குடலிலும் அதே மருந்து தங்கியிருந்தது. எதைத் தின்றாலும் செரிக்காமல் அது இளைத்துக்கொண்டே வந்தது.

இளையது மோந்து பார்த்தது. "அக்கா, அண்ணனுக்குள்ள சோறு மணக்குது."

"உள்ள வந்தா மருந்தை மட்டும்தானே தின்பீங்க?" என்று கேட்டது மண்புழு.

"அது தீர்ற வரைக்கும் அதைத்தான்."

மண்புழு வாயைத் திறந்து அந்த மண்ணை விழுங்கியது.