பத்தாவது பெயர்

"எல்லாம் முடிஞ்சிருச்சுன்னு நீதானே சொன்னே? அப்புறம் எதுக்கு இன்னொரு பாடம்?"

லிப்ட் மெக்கானிக்குக்குக் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம். மகள் இன்ஜினியரிங் கடைசி வருஷம். பட்டம் வாங்க நூற்று அறுபது கிரெடிட் வேண்டுமாம். அவளுக்கு நூற்று அறுபத்திரண்டு தேறிவிட்டதாம்.

"அப்ப ரெண்டு கூடவே இருக்கு."

"ஆமாப்பா."

"பின்னே இந்த அதிர்வுகள் பாடம்?"

"சும்மாதாம்ப்பா. பிடிச்சிருக்கு."

"அதிர்வைப் பத்தி என்கிட்ட கேளு. முப்பது வருஷமா லிப்ட்டுக்குள்ள நின்னு ஆடிக்கிட்டிருக்கேன்."

மகள் சிரிக்கவில்லை.

வகுப்பு சனிக்கிழமை காலையில். அன்றைக்குக் கல்லூரி பஸ் கிடையாது, இவர்தான் கொண்டுபோய் விடவேண்டும். வாரத்தில் இவர் கொஞ்சம் அசந்து தூங்குவதே அந்த ஒரு நாள்தான்.

"அந்த வகுப்புல எந்தப் பையன் இருக்கான்னு முதல்ல விசாரிங்க" என்று மனைவி வேறு காதைக் கடித்தாள். அது இவர் மண்டைக்குள் குடைய ஆரம்பித்துவிட்டது.

"வேண்டாம்மா. விலகிக்கிறேன்னு எழுதிக் குடு."

மறுபேச்சுப் பேசாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஆனால் கண் கலங்கியிருந்தது.

"நீங்களே கொண்டுபோய்க் குடுத்திருங்கப்பா. எனக்கு மனசு வரல."

தேவையில்லாத பாடத்தை விடுவதற்கு மனசு எதற்கு வரவேண்டும்? வழியெல்லாம் யோசித்தும் அவருக்குப் பிடிபடவில்லை.

கல்லூரி அலுவலகத்தில் ஜன்னலுக்கு முன்னால் ஒரே ஒரு பெண் நின்றிருந்தாள். முகத்தைப் பார்த்ததும் இவருக்குச் சுரீர் என்றது.

வத்திப்பெட்டி!

இரண்டாம் வருஷப் பரீட்சையில் மகள் காப்பியடித்தாள் என்று போட்டுக் கொடுத்தவள். மூன்று வாரம் விசாரணை. கடைசியில் ஒன்றுமில்லை என்று ஆனது. ஆனால் அந்த மூன்று வாரமும் மகள் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. அன்றிலிருந்து வீட்டில் இந்தப் பெண்ணுக்கு அதுதான் பேர்.

அவள் ஜன்னலுக்குள் எட்டிக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். "மேடம், எனக்கு இந்த அதிர்வுகள் ஒண்ணுதான் பாக்கி. இது நடக்கலைன்னா ஒரு வருஷம் போயிரும். கிடைச்ச வேலையும் போயிரும்."

"பத்துப் பேர் சேர்ந்தாத்தான் வகுப்பே நடத்துவாங்க. போன வாரம் வரைக்கும் ஒன்பது பேர்தான் இருந்தீங்க" என்றபடி குமாஸ்தா அம்மா கம்ப்யூட்டரில் தேடினார். "பயப்படாத. பத்தாயிருச்சு. திங்கக்கிழமை ஒரு பொண்ணு சேர்ந்திருக்கா. கிரெடிட் எல்லாம் முடிச்சவ. எதுக்குச் சேர்ந்தான்னு எனக்கே புரியல."

"யாரு மேடம் அது?"

குமாஸ்தா அம்மா திரையை அவள் பக்கம் திருப்பினார். அவள் குனிந்து ஒரு தடவை பார்த்தாள். நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தாள்.

"இவளா? இவ என் முகத்தைப் பார்த்துப் பேசியே ரெண்டு வருஷமாச்சே மேடம்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. இன்னைக்குச் சாயந்தரம் லிஸ்ட்டை மூடிருவோம். அதுக்குள்ள யாரும் விலகாம இருந்தா உன் அதிர்ஷ்டம்."

அவள் நகர்ந்து சுவரோரம் போய் நின்றாள். துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஐயா, உங்களுக்கு என்ன?"

மெக்கானிக்கின் கை சட்டைப் பைக்குள் போனது. மடித்த காகிதம் விரலில் தட்டியது. பாதி வெளியே எடுத்துவிட்டார்.

அந்த மூன்று வாரம் ஞாபகம் வந்தது. தட்டில் தொடாமல் கிடந்த சோறு ஞாபகம் வந்தது. பட்டதெல்லாம் மகள். அவளுக்கே விலக மனசு வரவில்லையே!

"ஐயா, உங்களைத்தான். என்ன விஷயம்?"

காகிதத்தைப் பைக்குள்ளேயே திரும்ப அழுத்திவிட்டுச் சொன்னார்:

"ஒண்ணுமில்ல மேடம். அந்த அதிர்வுகள் வகுப்புக்கு, சனிக்கிழமை எத்தனை மணிக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விடணும்?"