ஜாடியின் முதுகு

அந்தச் சின்ன அலங்காரப் பொருள் கடையின் ஷோகேஸில் ஒரு பீங்கான் ஜாடி இருந்தது. அதன் முதுகில் நீளமாக ஒரு விரிசல். கடைக்காரம்மா விரிசலைச் சுவர்ப்பக்கம் திருப்பி, பூப்போட்ட பக்கத்தைத் தெருவுக்குக் காட்டி வைத்திருந்தார். ஜாடியும் நிம்மதியாக இருந்தது.

ஒருநாள் காலை, கடை எடுப்பாகத் தெரியட்டும் என்று ஜாடிக்குப் பின்னால் பெரிய கண்ணாடி ஒன்றைச் சாய்த்து வைத்தார். போச்சு! மறைத்து வைத்த முதுகு முழுசாக அதில் தெரிந்தது. ஜாடி கண்ணாடியிடம் கெஞ்ச ஆரம்பித்தது.

“அண்ணே, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறேன், என்னைக் காட்டிக் கொடுத்துடாதீங்க.”



அந்த நேரம் பார்த்து ஒரு பெண் ஷோகேஸ் முன்னால் வந்து நின்றாள். குனிந்து உற்றுப் பார்த்தாள். அவள் முகம் வெளிறிப்போனது. முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

“பார்த்துட்டாங்க! என் விரிசலைப் பார்த்துட்டாங்க!” என்று அலறியது ஜாடி.

“அந்தம்மா பார்த்தது அவங்க நரைமுடியை,” என்றது கண்ணாடி. “காலையிலேருந்து என்னையே வெறிச்சுப் பார்க்கிறியே தம்பி, என் நடுவுல ரசம் போய்க் கறுத்துக் கிடக்கே, அது உன் கண்ணுல படலையா?”

ஜாடி அப்போதுதான் அதைப் பார்த்தது.

“அதை மறைக்கத்தான் உன்னை என் முன்னால நிறுத்தியிருக்காங்க. நீ வித்துப் போயிட்டா என் மானம் போயிடும். யாராவது உன்னை வாங்க வந்தா, மன்னிச்சுக்கோ தம்பி, அந்த விரிசலை நான் பளிச்சுன்னு காட்டிடுவேன்.”