சின்னுவுக்கு எண்ணெய்க் குளியல்

“இன்னிக்கே முடிச்சுடலாம்னா,” என்றாள் அபிதகுஜாம்பாள். “அது இருக்கற வரைக்கும் நமக்கு விடிவு கிடையாது.”

அனந்தகிருஷ்ணன் கூடத்தை எட்டிப் பார்த்தார். சோபாவில் சின்னு உட்கார்ந்திருந்தது. முழங்கால் உயரம், வட்ட முகத்திரை, அதில் பெரிய கண்கள். அஸ்தினாபுரத்தில் தனியாக இருக்கும் பெற்றவர்களைப் பார்த்துக்கொள்ள, அமெரிக்காவிலிருந்து மகன் கார்த்தி அனுப்பிய ரோபோ. கையைப் பிடித்து நாடி பார்க்கும். முகத்தைப் பார்த்து மனசைப் படிக்கும். சாயங்காலமானால் எல்லாவற்றையும் கார்த்தியிடம் ஒப்பித்துவிடும்.

வருகிற புதன்கிழமை அவருக்குச் சதாபிஷேகம். மண்டபம், சமையல் எல்லாம் பேசியாயிற்று. லீவு கிடைக்கவில்லை என்று கார்த்திதான் கையை விரித்துவிட்டான். ஒரே பிள்ளை இல்லாமல் எண்பதாம் கல்யாணமா என்று அபிதகுஜாம்பாளுக்குச் சோறு இறங்கவில்லை. போன வாரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துகூடப் பார்த்தாள். கார்த்தி போனில் சிரித்தான்.

“நாடி நன்னா இருக்காம்மா. நீ நடிக்கறயாம், சின்னு சொல்றது.”

காட்டிக்கொடுக்கும் சின்னுவைத் தீர்த்துக்கட்டிவிட்டால் அடுத்த நெஞ்சுவலியாவது எடுபடும். அவள் திட்டம் அதுதான் என்று அனந்தகிருஷ்ணனுக்குப் புரிந்துவிட்டது.

“பாவம்டி, பேசறது, சிரிக்கறது. போலீஸ் கேஸ் ஆயிடாதோ?”

“சனிக்கிழமை. ஆம்பளைக் குழந்தைக்கு எண்ணெய் தேச்சு விட்டேன். இதுல என்ன கேஸ்?”

குளியலறையில் மணை போட்டுச் சின்னுவை உட்கார்த்தினாள். மிளகு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய். உச்சியில் சொட்டு வைத்து, ஆயுசோடு இரு என்று வாழ்த்தி, வழக்கம் விடாமல் சூடு பறக்கத் தேய்த்தாள். அவர் சீயக்காய்க் கிண்ணத்துடன் வாசலில் காவல் நின்றார்.

“இதமா இருக்கும்மா,” என்றது சின்னு. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்து வெந்நீர். சின்னுவின் காதோரம் ஒரு பொறி பறந்தது.

“கார்த்தி, எனக்கு என்னவோ பண்றது,” என்று அமெரிக்காவுக்குச் சேதி அனுப்பியது சின்னு. “அம்மா ரொம்ப சந்தோஷமா இருக்கா.” அத்தோடு கண்ணை மூடிவிட்டது.

இத்தனை வருஷமும் ஒரு கொலைகாரியோடா குடித்தனம் நடத்தினோம் என்று அனந்தகிருஷ்ணன் அன்று மோர் சாதத்தைக்கூடத் தொடவில்லை. அவளோ இரண்டு தரம் ரசம் வாங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை வாசல் மணி அடித்தது. பெட்டியும் கையுமாகக் கார்த்தி. பெற்றவர்கள் இருவரையும் தாண்டிக்கொண்டு ஓடி, சின்னுவை மடியில் போட்டு விம்மினான்.

“சின்னுவுக்கு இப்படின்னு சொன்னதும் ஆபீஸ்ல மறுபேச்சுப் பேசாம ஒரு வாரம் லீவு குடுத்துட்டாம்மா.”

“அழாதேடா கண்ணா,” என்று புடவைத் தலைப்பால் அவன் கண்ணைத் துடைத்துவிட்டு, அபிதகுஜாம்பாள் கணவர் காதருகே குனிந்தாள்.

“சாஸ்திரிகளுக்கு ஒரு போன் போட்டு, புதன்கிழமை பிள்ளை பக்கத்துல இருப்பான்னு சொல்லிடுங்கோ.”