இரைச்சல் நின்றது

"அண்ணே, எங்க அப்பா சத்தம் இந்த மண்டபம் பூரா கேக்கணும். அதக் கேட்டுட்டுத்தான் தாலிக்குத் தலை குனிவேன்."

சொல்லிக்கொண்டே கல்யாணப்பெண் சத்யப்பிரியா லேப்டாப்பை நீட்டினாள். அவள் அப்பா போன ஆடியில் தவறிப்போய்விட்டார். போனில் எப்போதோ பிடித்து வைத்த அவர் சத்தம் அந்த லேப்டாப்பில் இருந்தது.

"கவலைய விடும்மா. பக்கத்துல நின்னு பேசுறாப்புல கேக்க வச்சிர்றேன்" என்றார் மைக்செட் அய்யம்பெருமாள். அவர் பெரம்பலூர்க்காரர். உடையார்பாளையத்தில் அவருக்கு இதுதான் முதல் கல்யாணம். இங்கே ஒருத்தரையும் தெரியாது.

"இப்பவே ஒரு தடவ போட்டுப் பாத்துரட்டுமா?"

"ஐயோ, வேணாம்ண்ணே. இப்பக் கேட்டா அழுது மையெல்லாம் கரைஞ்சிரும். எல்லாரும் இருக்கையில கேப்போம்."

சரியென்று ஒரு சாமி பாட்டைப் போட்டுப் பார்த்தார். பாட்டோடு சேர்ந்து ஸ்பீக்கர் 'உம்ம்ம்' என்று இரைந்தது. சார்ஜரில் இருக்கும் லேப்டாப்பை நேரே மிக்சரில் செருகினால் இப்படித்தான், கரண்டு இரைச்சலும் கூடவே வந்து தொலையும். அதற்காகவே ஒரு டி.ஐ. பாக்ஸ் வைத்திருந்தார். இரண்டுக்கும் நடுவே மாட்டுகிற சின்ன இரும்புப் பெட்டி. மாட்டி, அதன் சுவிட்சைத் தள்ளியதும் இரைச்சல் கப்பென்று நின்றது. பெட்டியைச் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினார். மனுசனுக்குக் கட்டிய பெண்டாட்டியைவிட அதன்மேல் நம்பிக்கை அதிகம்.

முகூர்த்த நேரம் வந்தது.

"நல்ல நேரம் போவுது, போடுங்க சவுண்டு சர்வீஸ்!" என்று மாப்பிள்ளையின் மாமா அசோக் குரல் கொடுத்தார். மேளம் நின்றது. மண்டபமே அடங்கிப்போயிற்று. அய்யம்பெருமாள் பட்டனைத் தட்டினார்.

'ம்ம்ம்ம்...'

அடப்பாவி, போன சனியன் திரும்பி வந்துவிட்டதே! சுவிட்சை இப்படியும் அப்படியும் தள்ளினார். சார்ஜரைப் பிடுங்கினார். ஒயரை மாற்றினார். ஊஹூம்! நிற்பதும் மறுபடி கிளம்புவதுமாக விட்டு விட்டு வந்தது. எங்கேயோ லூஸ் கனெக்‌ஷன் என்று ஒவ்வொரு பின்னாக அழுத்திப் பார்த்தார்.

நிமிர்ந்தால், முன்வரிசையில் பெண்ணின் அம்மா ரெங்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர்களும் கண்ணைத் துடைத்தார்கள். போன மனுசன் பேச்சைக் கேட்க ஆசையாக உட்கார்ந்த குடும்பத்தை நல்ல நாளும் அதுவுமாக இப்படி அழ வைத்துவிட்டோமே என்று அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

வேறு வழி தெரியாமல் மிக்சரில் அடிச்சத்தத்துக்கான பேஸ் குமிழைக் கடைசிவரை குறைத்தார். இரைச்சல் சுத்தமாக அடங்கியது. அப்பாடா!

"அண்ணே, ஏண்ணே நிறுத்துனீங்க?" மணவறையில் சத்யப்பிரியா எழுந்தே விட்டாள்.

"இரைச்சலத்தாம்மா நிறுத்துனேன். இனிமே அப்பா பேச்சு தெளிவா வரும் பாரு."

"அவருக்கு ஏதுண்ணே பேச்சு?" அவள் உடைந்து அழுதாள். "பொறந்ததுலேருந்தே வாய் பேச வராது. அப்படி முனகித்தான் என்னையத் தாலாட்டுவாரு."

அய்யம்பெருமாள் குமிழைப் பழையபடி திருப்பினார். அப்பா மறுபடி தாலாட்ட ஆரம்பித்ததும், அவள் தாலிக்குத் தலை குனிந்தாள்.