அரை இஞ்ச் ஸ்க்ரூ

“ஒரு தாப்பாள் வாங்க வந்தா இத்தனை கேள்வியாம்மா?”

சென்னப்பன் எரிச்சலை மறைக்கவில்லை. ஐம்பது வயதிருக்கும். நல்லம்பள்ளிப் பக்கமிருந்து பஸ் ஏறி வந்தவர்.

தர்மபுரியில் மரவேலைச் சாமான்கள் மட்டுமே விற்கும் கடை அது. கல்லாவுக்குப் பின்னால் நின்ற சுகுணா சிரித்தாள்.

“கேட்டாத்தானுங்கண்ணா சரியான சாமான் குடுக்க முடியும். எந்தக் கதவுக்கு?”

“ஆட்டுப் பட்டிக்கு.”

“கதவு என்ன மரம்?”

“தேக்கு.”

பக்கத்தில் கதவுக் கீல் பொறுக்கிக்கொண்டிருந்த தச்சன் பச்சியப்பன் நிமிர்ந்து பார்த்தான். ஆட்டுப் பட்டிக்குத் தேக்குக் கதவா? வசதியான ஆடுதான்!

“தாப்பாள் உள்பக்கமா, வெளிப்பக்கமா?”

“வெளியதான். உள்ள இருந்து தள்ளினாலும் இழுத்தாலும் அசையக் கூடாது. ஜன்னலுக்கும் ஒண்ணு குடுத்துருங்க.”

“எந்த சைஸ்ல?”

“எதையாவது குடுங்க. ஞாயித்துக்கிழமை வரைக்கும் தாங்கினா போதும். அப்பறம் கழட்டிருவேன்.”

சுகுணாவின் சிரிப்பு நின்றது. அவரையே ஒரு நிமிஷம் பார்த்தாள்.

“ஆசாரி வெச்சு மாட்டுவீங்களா?”

“வெளியாளெல்லாம் வேணாம். நானே மாட்டிக்குவேன். ஸ்க்ரூ மட்டும் நல்லா நீளமா போடுங்க.”

அவள் உள்ளே போய் இரண்டு தாழ்ப்பாள்களை எடுத்து வந்தாள். ஸ்க்ரூக்களை எண்ணிப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். சென்னப்பன் பிரித்துக்கூடப் பார்க்காமல் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தார்.

பச்சியப்பனுக்குத் தாங்கவில்லை.

“அக்கா, அவரு நீளமா கேட்டாரு. நீங்க அரை இஞ்ச் ஸ்க்ரூ போட்டுட்டீங்க.”

“தெரியும்.”

“ரெண்டு இஞ்ச் தீந்து போச்சா?”

“பெட்டி பெட்டியா இருக்குது.”

“அப்பறம் ஏங்க்கா? அரை இஞ்ச் எங்க புடிக்கும்? ரெண்டு தடவை வேகமா இழுத்தா பேந்துக்கும்.”

“பேந்துக்கட்டும். உனக்கு நாலு இஞ்ச் கீல்தான வேணும்?”

கேட்டுக்கொண்டே கீல் பெட்டியை அவன் பக்கம் நகர்த்தினாள்.

பத்து வருஷமாக அவன் இந்தக் கடைக்கு வருகிறான். போன மாசம் ஒரு கீல் அளவு மாறிப்போனதற்கு, அவளே ஸ்கூட்டியில் பாலக்கோடு வரைக்கும் வந்து மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். அப்படிப்பட்டவள் இந்த மனுஷனுக்கு மட்டும் ஏன் இப்படிச் செய்தாள்? முன்பகையா? அப்படியும் தெரியவில்லை. இரண்டு பேரும் இன்றைக்குத்தான் முதல்முறை பார்க்கிறார்கள்.

ஓடிப்போய்ச் சொல்லிவிடலாமா என்று வாசல் வரை போனான். அவனுக்கு வருகிற வேலையில் பாதி, சுகுணா சொல்லி வருவது. திரும்பி வந்து கீலைப் பொறுக்கினான். ஆனால் மனசுக்குள் அது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

திங்கட்கிழமை காலை பச்சியப்பன் கடையில் நின்றபோது, சென்னப்பன் வேகமாக உள்ளே வந்தார். தாழ்ப்பாளை மேசைமேல் வீசினார். அதன் ஓட்டைகளில் மரச் சிராய் ஒட்டியிருந்தது.

“இதெல்லாம் ஒரு கடையா? ஒரே இழுப்புல கையோட வந்துருச்சு! வூட்ல இருந்ததே ஒண்ணே ஒண்ணு. நேத்து விடியறதுக்குள்ள அது ஓடிப்போச்சு!”

கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“பாவம், ஒத்தை ஆட்டை வெச்சுப் பொழைக்கறவரு” என்றார் ஒருவர்.

பச்சியப்பனால் அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை. வேலை போனால் போகட்டும்.

“அண்ணா, நீங்க கேட்டது நீளமான ஸ்க்ரூ. இவங்க குடுத்தது அரை இஞ்ச். நான் அன்னிக்கே பாத்தேன். உங்ககிட்டச் சொல்லாம வுட்டது என் தப்பு.”

எல்லோரும் சுகுணாவைப் பார்த்தார்கள்.

“ஆமாங்க. வேணும்னுதான் குடுத்தேன்.”

சொல்லிவிட்டு, கீழிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

“இது ரெண்டு இஞ்ச். இதைப் போட்டா எப்பேர்ப்பட்ட ஆளு இழுத்தாலும் வராது. மறுபடியும் பூட்டி வெக்கணும்னு தோணுச்சுன்னா எடுத்துக்கிட்டுப் போங்கண்ணா.”

சென்னப்பனின் கை பொட்டலத்தின் பக்கம் போனது. பாதியில் நின்றது. அத்தனை நேரம் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

“வேணாங்க” என்றார். குரல் இறங்கியிருந்தது. “நேத்து சாயங்காலமே திரும்பி வந்துருச்சு. ஒரு வார்த்தை பேசலை. தானா உள்ள போயி, அதே மூலையில ஒக்காந்துக்குச்சு. ‘இப்ப பூட்டிக்க’ன்னு சொல்ற மாதிரி. அதைப் பாத்ததுல இருந்து எனக்குச் சோறு எறங்கலை.”

பச்சியப்பனுக்கு இப்போதுதான் மூச்சு வந்தது.

“அட, வந்துருச்சா! அப்பறம் எதுக்குண்ணா வெசனம்? அத்தனை நேரம் எங்க போயிருந்துச்சாம்?”

சென்னப்பன் நிமிரவில்லை. பொட்டலத்தை மெதுவாக சுகுணா பக்கமே தள்ளி வைத்தார்.

“சேலத்துக்குங்க. பரீட்சை எழுத.”