நாலு விரல் உயரம்

கோபுரத்துக்குள் கும்மிருட்டு. செல்போன் விளக்குகளை அணைக்கச் சொல்லிவிட்டு வழிகாட்டிப் பெண் முன்னால் ஏறினாள்.

அவளுக்கு அடுத்து இவள் கணவன். அவன் சட்டை நுனியைப் பிடித்தபடி இவள். பின்னால் முன்பின் தெரியாத ஐந்தாறு பேர்.

ஒரு வருடமாகப் பேச்சு அற்றுப்போன வீடு. இரண்டு பேருமே பார்க்காத ஓர் இடத்துக்குப் போவோம், புதிதாக ஆரம்பிப்போம் என்று அவன்தான் சொன்னான். பாழடைந்த கோட்டையில் எதை ஆரம்பிப்பது என்று தோன்றினாலும் இவள் தலையாட்டினாள். அவனை நம்பிப் பார்க்க ஆசையாக இருந்தது.

சுருள் படிகள் வளைந்து வளைந்து ஏறின.

திடீரென்று சட்டை நுனி சற்று அதிகமாக மேலே இழுபட்டது. மறுகணம் இவள் கால் கல்லில் மோதியது. "அம்மா!"

பின்னால் வந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக அவர்களும் தடுக்கினார்கள்.

உச்சியில் கூரை இல்லை. வெயிலில் நின்று வழிகாட்டி கதையைச் சொன்னாள்.

இருபத்து மூன்றாவது படியை மட்டும் வேண்டுமென்றே நாலு விரல் உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். வீட்டு ஆட்களுக்குப் பழக்கம். இருட்டில் ஏறும் எதிரி தடுக்குவான். ஆயுதம் கல்லில் மோதும் சத்தத்தில் மேலே இருப்பவர்கள் எழுந்துவிடுவார்கள்.

ஒரு நாள் காலடிகள் மட்டும் கேட்டன. ஒருவனுக்குக்கூடக் கால் தடுக்கவில்லை. கதவு உடைவதற்கு முன்பே கோட்டைத் தலைவனுக்கு விளங்கிவிட்டதாம், தன் வீட்டு ஆள் யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள் என்று.

வழிகாட்டி அவன் பக்கம் திரும்பினாள். "சாருக்கு மட்டும் கால் தடுக்கவே இல்லையே! நீங்களும் இந்த வீட்டு ஆளா?"

எல்லோரும் சிரித்தார்கள். "ஏதோ அதிர்ஷ்டம்," என்று அவனும் சிரித்தான்.

இவள் ஒரு கல்லில் உட்கார்ந்து உடையை முழங்கால்வரை தூக்கிப் பார்த்தாள். அந்தப் படியின் விளிம்பு உடைந்து வளைந்திருக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே, பிறை வடிவத்தில் தோல் உரிந்திருந்தது.

அவன் கைக்குட்டையோடு குனிந்தான். இவள் காலை இழுத்துக்கொண்டாள்.

போன மாதம் தங்கையின் காலில், இதே இடத்தில், இதே பிறை. பஸ் படியில் விழுந்துவிட்டேன் அக்கா என்றாள்.

வலிக்காமல் இருக்க ஊதி ஊதி மருந்து போட்டது இவள்தான்.