முன் இருக்கை

"என்ன ஆனாலும் திரும்பிப் பாக்கக் கூடாதும்மா. பாத்தீங்க, ரெண்டு பேரும் தண்ணிக்குள்ளதான்."

சொல்லிவிட்டுத் தொப்பிக்காரர் தானே சிரித்துக்கொண்டார். ஒருவர் பின் ஒருவராக இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஒல்லியான கயாக் படகு அது. வருகிறவர்களை முன்னால் உட்கார வைத்து, பின்னால் தான் உட்கார்ந்து ஏரியைச் சுற்றிக் காட்டுவது அவர் வேலை.

"புருஷன் பொண்டாட்டியா வந்தா அவங்களே ஓட்டிக்கிறதும் உண்டு. போன வாரம் அப்படிப் போன ஒரு சார், பொண்டாட்டி பின்னாடி இருக்காங்களா, எறங்கிப் போயிட்டாங்களான்னு சந்தேகப்பட்டுத் திரும்பினாரு. ரெண்டு பேரையும் நான்தான் அள்ளிக் கரையில போட்டேன். ஆழம் இடுப்பளவுதான். ஆனா மானம் போச்சுல்ல?"

அவள் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. முகம்தான் ஒத்துழைக்கவில்லை.

நேற்று வேறொரு ஏரியைச் சுற்றி நடந்தார்கள். முந்தாநாள் இன்னொரு ஏரிக்கு மேலே இருந்த குன்றில் ஏறினார்கள். எல்லாமே அழகாகத்தான் இருந்தது, அடுத்த வீட்டுக் காலண்டர் அழகாக இருப்பது போல. கணவர் இரண்டு இடத்திலும் நாலடி பின்னால், வாயைத் திறக்காமல் வந்தார்.

"சார் வரலையா?"

"அவருக்குத் தண்ணின்னாலே பயம்" என்றாள்.

துறையை ஒட்டிய பெஞ்சிலிருந்து கணவர், "நீ போயிட்டு வா" என்றார். காலையிலிருந்து அவர் பேசியது அவ்வளவுதான்.

தொப்பிக்காரர் படகை இழுத்துப் பிடித்தார். "காத்து எதிர்த்தாப்புல அடிக்குது. நீங்க பேசினா பின்னாடி கேக்கும், பின்னாடி பேசினா உங்களுக்குக் கேக்காது. அதனால படகத் தட்டுறதுதான் கணக்கு. ஒரு தட்டுன்னா வலது, ரெண்டுன்னா இடது, மூணுன்னா நிறுத்திடணும். மத்தபடி நீங்க பேசலாம், பாடலாம், என்னையத் திட்டக்கூடச் செய்யலாம்."

அவள் ஏறி உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தாள். கரையில் ஏதோ பேச்சு நடந்தது, காதில் வாங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பின்பக்கம் அமுங்கியது. படகு நகர்ந்தது.

நேராகப் போகவில்லை. ஒரு தட்டு விழுந்தது. வலதுபக்கம் திருப்பினால் படகு நாணலுக்குள் போய்ச் செருகியது. உடனே அவசரமாக இரண்டு தட்டு. கரையில் அத்தனை ஜம்பமடித்த மனிதருக்கு என்ன ஆயிற்று என்று நினைத்தாள். தான் துடுப்புப் போடும் லட்சணம் அப்படியோ என்றும் தோன்றியது.

நாணலைத் தாண்டியதும் ஏரி அகலமாக விரிந்தது. எதிரே தண்ணீர், பின்னால் முகம் தெரியாத ஓர் ஆள். பேசுவதற்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது.

"அண்ணே, நாங்க ஊர் சுத்திப் பாக்க வரலை" என்றாள். யாரோ ஒருத்தியின் கதையைச் சொல்வது போல இருந்தது அவள் குரல். "ஏழாம் மாசத்துல கொழந்த தங்கலை. எங்கயாவது போயிட்டு வாங்க, மனசு மாறும்னு எல்லாரும் சொன்னாங்க. அதான் வந்தோம்."

பின்னால் துடுப்பு விழும் சத்தம் மட்டும் கேட்டது.

"நான் ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்றதுக்குள்ள தொட்டிலக் கழட்டி மேல போட்டுட்டாரு. கொழந்தைக்குன்னு வெச்சிருந்த ரூம் செவுத்துல ஒட்டின மொயல், யானை எல்லாத்தையும் சொரண்டி எடுத்துட்டு, பெயின்ட்டும் அடிச்சிட்டாரு. ஒரு சொட்டு அழலை. மறுநாள் ஆபீஸ் கெளம்பிட்டாரு. அன்னிலேர்ந்து அந்த ரூம் பக்கம் நான் போனா, இவரு வெளிய போயிடுவாரு."

துடுப்புச் சத்தம் தாளம் தப்பியது.

"நாளைக்கு அவரு வீட்டுக்குப் போவாரு. நான் எங்கக்கா வீட்டுக்குப் போறேன், ஒரேயடியா. அவருகிட்ட இன்னும் சொல்லலை. சொன்னாலும் 'சரி'ன்னுதான் சொல்வாரு. அந்த 'சரி'யக் கேக்கத்தாண்ணே பயமா இருக்கு."

மூன்று தட்டு விழுந்தது. நிறுத்தினாள்.

ஏரி நடுவில் இருந்த சின்னத் திட்டின் மறைவுக்கு வந்திருந்தார்கள். மரங்கள் காற்றைத் தடுத்துவிட்டன. தண்ணீர் தாம்பாளம்போல் அசையாமல் கிடந்தது. படகு மட்டும் லேசாக நடுங்கிக்கொண்டே இருந்தது.

வேலை பார்க்க வந்தவர் தலையில் இதையெல்லாம் கொட்டியிருக்க வேண்டாம் என்று பட்டது. அதற்கு வருத்தப்படக்கூட அவளுக்கு வரவில்லை. ஒப்புக்குத்தான், "மன்னிச்சுக்குங்கண்ணே. யாருகிட்டயாவது ஒருதடவ சொல்லிப் பாக்கணும்னு இருந்துச்சு" என்றாள்.

வெகுநேரம் எந்தத் தட்டும் இல்லை. பிறகு இரண்டு. இடதுபுறம் திருப்பினாள். இந்த முறை படகு வளையாமல் துறையை நோக்கிப் போனது.

துறையில் ஒருவர் லைஃப் ஜாக்கெட்டுகளைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தார். படகைப் பார்த்ததும் கையசைத்தார். தலையில் அதே தொப்பி.

பெஞ்சு காலியாக இருந்தது.

அவள் துடுப்பு பாதியில் நின்றது. கழுத்து திரும்ப முயன்றது, திரும்பவில்லை.

பின்னாலிருந்து, இரண்டு தரம் செருமிவிட்டு, ஒரு குரல் கேட்டது.

"இன்னொரு சுத்து போலாமா? இந்தத் தடவ நான் பேசுறேன்."